இது எந்த வயலட் செடி? இலையைப் பார்த்துச் சொல்லுங்க

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடலோரக் காட்டில், ஈரமான நிழல் தரையில் ஓடுதண்டு விட்டுப் பாய் மாதிரி படர்ந்திருக்கிற இந்த வயலட்டை அடையாளம் காண உதவுங்க. பூவின் நடுவில் அடர்ந்த ஊதா, இதழ் நுனியெல்லாம் நல்ல வெள்ளை. இலை கிட்டத்தட்ட வட்டம், காம்பு சேரும் இடத்தில் பிளவு ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கிறது. அதனால் வயோலா பேங்க்சியை (Viola banksii) என்ற இனம் என்றுதான் நினைக்கிறேன். இதைப் போன்ற இன்னொரு இனமான வயோலா ஹெடரேசியாவில் (Viola hederacea) பூ இன்னும் வெளிறியிருக்கும், இலைப் பிளவும் அகலமாக இருக்கும், இல்லையா? ஆனால் நர்சரிகளில் பேங்க்சியையே ஹெடரேசியா என்ற பெயரில் விற்பது உண்டு, அதனால் இணையப் படங்களை வைத்து முடிவெடுக்கத் தயக்கம். அப்புறம், இயற்கையாக வளர்ந்த செடி என்பதால் பிடுங்கவில்லை, படங்கள் மட்டும்தான். வேறு எந்தப் பகுதியைப் படம் எடுத்தால் உறுதியாகச் சொல்ல முடியும்?