சீரீஸ் ஹைப்ரிட் கணக்கில் சிஜி நியூட்ரல் பாயின்ட்டைத் தாண்டுகிறது: எதை எங்கே நகர்த்துவது?

வால்சிறகு:
நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின் விமானத்தை சீரீஸ் ஹைப்ரிடாக (எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றும், புரொப்பெல்லரை மின்மோட்டார் சுழற்றும்) மாற்றும் கணக்கு இது, காகிதத்தில்தான். டேட்டம் (தூரத்தை அளக்கத் தொடங்கும் இடம்) ஃபயர்வால், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்; அதற்கு முன்னால் இருப்பது மைனஸ். பழைய நிலையில் 1150 கிலோ (அனுமதித்த உச்ச எடையும் அதுவே), சிஜி (ஈர்ப்பு மையம்) 1.05 மீ. இறக்கையின் சராசரி நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான நீளம்) 1.5 மீ, அதன் முன்விளிம்பு 0.70 மீட்டரில். நியூட்ரல் பாயின்ட் (சிஜி இதற்குப் பின்னால் போனால் விமானம் நிலைத்தன்மையை இழக்கும்) 40%. சதவீதமெல்லாம் நாணின் முன்விளிம்பிலிருந்து.

மூக்கில், −0.6 மீட்டரில் இருந்த 160 கிலோ எஞ்சின் போய், அதே இடத்தில் மோட்டாரும் இன்வெர்ட்டரும் 70 கிலோ. 1.2 மீட்டரில் உள்ள 100 கிலோ எரிபொருள் 60 ஆகிறது. பின்சீட்டுக்குப் பின்னால் 2.4 மீட்டரில் பேட்டரி 120 கிலோ, 2.6 மீட்டரில் ஜெனரேட்டர் செட் 80 கிலோ. கூட்டினால் 1220 கிலோ, சிஜி 46.7%. மூக்கில் ஈயம் வைத்துச் சமாளிக்கலாமா?

நெம்புகோல்:
வேண்டாம். 29%-க்கு இழுக்கவே 180 கிலோவுக்கு மேல் ஈயம் தேவைப்படும். ஏற்கெனவே 70 கிலோ கூடுதல்.

ஜெனரேட்டர் செட்டை மோட்டாருக்குப் பின்னால் −0.4 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள்: சிஜி 33.6%. பிறகு பேட்டரியில் பாதியை, 60 கிலோவை, 1.1 மீட்டரில் தரைக்கு அடியில் வையுங்கள்: 29.4%, ஸ்டேடிக் மார்ஜின் (நியூட்ரல் பாயின்ட்டுக்கும் சிஜிக்கும் உள்ள இடைவெளி) 10.6%. எடைக்கு ஒரே வழி, நாலு பேர் என்ற ஆசையை விடுவது. 2.0 மீட்டரில் பின்சீட்டுக்காரர் ஒருவரை (77 கிலோ) குறைத்தால் 1143 கிலோ, 25.5%.

அதோடு நிறுத்தாமல் விமானி மட்டும் ஏறும் நிலையையும் போடுங்கள். முன்சீட் 1.0 மீட்டர் என்றால் சிஜி 21% அளவுக்கு வரும். இறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) பலம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் சிஜியின் முன் எல்லையைத் தீர்மானிக்கும்.

மூக்கில் எக்ஸாஸ்ட் சூடும் இன்வெர்ட்டரும் பக்கத்துப் பக்கத்தில் வரும். நடுவே தடுப்புத் தகடும் தனித்தனிக் காற்றுவழியும் வேண்டும். இல்லாவிட்டால் ஏறும்போதே இன்வெர்ட்டர் சூடாகித் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

செம்புக்கம்பி:
120 கிலோ என்பது செல் எடையா, பேக் எடையா? பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். செல்லில் கிலோவுக்கு 250 வாட்-மணி இருந்தாலும் பெட்டி, குளிரூட்டி, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு), தீத்தடுப்பு எல்லாம் சேர்ந்தால் 170 பக்கம் இறங்கிவிடும். 120 கிலோ பேக் என்றால் சுமார் 20 கிலோவாட்-மணி. 100 கிலோவாட்டில் 12 நிமிடம். 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் உறை இல்லாமலே மீட்டருக்கு 0.45 கிலோ. அதையும் ஒரு வரியாகப் பட்டியலில் எழுதுங்கள்.

பின்னால் மிஞ்சும் 60 கிலோவின் பிடிமானத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் சிறு விமான விதித்தொகுப்பான பழைய பகுதி 23-இன் 23.561 விதி, கேபினுக்குள் ஆட்களைக் காயப்படுத்தக்கூடிய பொருளுக்கு முன்னோக்கி 18 ஜி (எடையைப் போல் 18 மடங்கு விசை) கேட்டது. அதாவது 1080 கிலோ விசை. நாலு போல்ட்டும் மெல்லிய தகடும் தாங்காது.

வால்சிறகு:
நன்றி, பேக் எடைதான். பறக்கும்போது சிஜி நகராது என்பது ஹைப்ரிடுக்கு லாபம்தானே?

நெம்புகோல்:
பாதி லாபம். 60 கிலோ எரிபொருளும் தீர்ந்தால் 25.5-இலிருந்து 25.1%-க்குத்தான் போகும். ஆனால் பேட்டரி காலியானாலும் 120 கிலோ 120 கிலோவேதான். கிளம்பிய எடைக்குப் பக்கத்தில்தான் இறங்குவீர்கள். லேண்டிங் கியரை அதற்கேற்பச் சோதியுங்கள்.

இன்னொன்று, முன்னும் பின்னுமாகப் பிரித்து வைத்தால் சிஜி சரியாக வந்தாலும் சுழற்சி நிலைமம் கூடும். ஸ்பின்னிலிருந்து (விமானம் சுழன்றபடி விழுவது) மீள்வது மந்தமாகும். பிபிஸ்ட்ரல் வெலிஸ் எலெக்ட்ரோ என்ற மின்விமானத்தில் ஒரு பேட்டரி மூக்கிலும் மற்றொன்று கேபினுக்குப் பின்னாலும் இருப்பதைப் பார்த்து அப்படியே காப்பியடிக்க வேண்டாம். அது 600 கிலோ விமானம், அதன் கணக்கு வேறு.

செம்புக்கம்பி:
உங்கள் 40% பவர் இல்லாத நிலைக்கானதா? மூக்கில் உள்ள புரொப்பெல்லர் பவர் கொடுத்ததும் மார்ஜினைத் தின்னும். பவர் வைத்து ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை போட்டு, குறைவாக வருவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.