பழைய மோட்டார் சைக்கிள்: மீளக் கட்டுதலும் மாற்றிக் கட்டுதலும்

காரைக்குடியிலிருந்து

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிளை வீட்டுப் பட்டறையில் பிரித்து, செப்பனிட்டு, மறுபடி ஓட வைக்கும் வேலைக்கு நம் கலைச்சொற் பட்டியலில் சேர்க்கச் சொல் ஒன்று வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை பெரும்பாலும் 'புதுப்பித்தல்', 'மீட்டெடுப்பு', 'மறுசீரமைப்பு', 'தனிப்பயனாக்கம்' என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் இலக்கணக் குறை இல்லை. ஆனால் நான்கும் வேறு இடங்களில் ஏற்கெனவே பொருள் நிலைத்துவிட்ட சொற்கள். பதிவு செய்து 15 ஆண்டு கடந்த வண்டியின் சான்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதால், 'என் புல்லட்டைப் புதுப்பித்துவிட்டேன்' என்று ஒருவர் எழுதினால், அவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கட்டணம் செலுத்தினாரா, கொட்டகையில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றினாரா என்பது விளங்காது. 'வண்டி மீட்பு' என்றால் திருட்டுப்போன வண்டியைக் காவல்துறை கண்டுபிடித்த செய்தி. கொடுக்கல் வாங்கலில் ஊறிய எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்திலோ 'மீட்டான்' என்ற வினை அடகுக் கடையைத்தான் முதலில் நினைவூட்டும். 'மறுசீரமைப்பு' மாநிலங்களுக்கும் கடன்களுக்கும் உரியதாகிவிட்டது. 'தனிப்பயனாக்கம்' கணினித் திரையில் எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றுவதற்குப் பொருந்துகிறது. ஆனால் அது யாருக்காகச் செய்தது என்பதைச் சொல்கிறதே தவிர, என்ன செய்யப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. வண்டியின் பின்சட்டகத்தை அறுத்துக் குறுக்கியவரும் இருக்கையின் உறையை மட்டும் மாற்றியவரும் அந்தச் சொல்லில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நமக்கு வேண்டியது ஒரு சொல் அன்று, ஒன்றையொன்று பிரித்துக் காட்டும் இரண்டு சொற்கள். 1961இல் மைசூரில் ஆலை தொடங்கிய ஜாவாவையோ, போலந்து நாட்டு வடிவமைப்பை ஒட்டி வந்த ராஜ்தூத் 175ஐயோ, அது ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க முயல்வது ஒரு வேலை. அதே வண்டியின் மட்கார்டைக் குறுக்கி, கைப்பிடியைத் தாழ்த்தி, கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளி, ஒற்றை இருக்கை பொருத்தி வேறொரு வண்டியாக்குவது இன்னொரு வேலை. முன்னதைப் பட்டறையில் 'ஒரிஜினலாக்குவது' என்கிறார்கள். பின்னதை 'ஆல்ட்டர்' என்கிறார்கள். விற்பனைக்கு வரும் வண்டிகளின் விளம்பரத்தில் இரண்டுமே 'ரெஸ்டோர் செய்தது' என்ற ஒரே பெயரில் வருகின்றன. வாங்குகிறவர் ஏமாறுவது இந்தக் குழப்பத்தில்தான்.

'கட்டு' என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் 'பாடி கட்டுகிறார்கள்'. 'இன்ஜினை இறக்கிக் கட்டணும்' என்பது எந்த மெக்கானிக்கும் சொல்லும் வாக்கியம். இயந்திரத்தோடு 'கட்டு' என்ற வினை சேர்ந்து வருவதற்கு நாம் புதிதாக யாரையும் பழக்க வேண்டியதில்லை. அதனால் முதல் வேலையை 'மீளக் கட்டுதல்' என்றும், இரண்டாவதை 'மாற்றிக் கட்டுதல்' என்றும் சொல்லலாம். பெயராக வேண்டுமிடத்தில் 'மீள்கட்டு', 'மாற்றுக்கட்டு' என்று வரலாம். இன்ஜினை மட்டும் இறக்கி, போர் போட்டு (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெருக்கி), பிஸ்டனின் ரிங்கு மாற்றி ஏற்றுவதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. 'இறக்கிக் கட்டுதல்' என்பதை அப்படியே அகராதியில் ஏற்றிவிடலாம். முதல் வேலைக்கு, மூல வடிவுக்குக் கொண்டுவருதல் என்ற பொருளில் மதுரை நண்பர் சொன்ன 'மூலக்கட்டு' வேண்டாம் என்று நினைக்கிறேன். பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம்' என்ற விளம்பரத்தைப் படித்து வளர்ந்த எவரும் அந்தச் சொல்லை முகம் மாறாமல் உச்சரிக்க முடியாது.

எது மீளக் கட்டுதல், எது மாற்றிக் கட்டுதல் என்ற எல்லையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வரையறை தளர்ந்தால் சொல்லும் தளர்ந்துவிடும். உதிரிப்பாகம் மாறியதா இல்லையா என்பதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. யமஹா ஆர்எக்ஸ் 100இன் சிலிண்டர் துளை 50 மி.மீ., பிஸ்டன் ஓட்டமும் 50 மி.மீ.; கணக்கிட்டால் 98 சி.சி. சிலிண்டர் தேய்ந்தால் துளையைக் கால் மில்லிமீட்டர் பெருக்கி அதற்குரிய ஓவர்சைஸ் பிஸ்டனை, அதாவது அதே அளவு பெரிதான பிஸ்டனைப் போடுகிறோம். மறுபடி தேய்ந்தால் இன்னொரு கால். இப்படி ஒரு மில்லிமீட்டர் வரை போன வண்டியில் துளை 51 மி.மீ. ஆகி, கொள்ளளவு ஏறத்தாழ 102 சி.சி. ஆகிவிடுகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் இது வேறு வண்டி என்பார். ஆனால் தேய்மானம் வரும் என்று தெரிந்தே படிப்படியான அளவுகளில் பிஸ்டன் செய்யப்படுகிறது; அந்தப் பெருக்கம் வடிவமைப்புக்குள்ளேயே இடம் பெற்ற ஒன்று. ஆகவே இது மீளக் கட்டுதல்தான். அதே சிலிண்டரில் வேகத்துக்காகப் போர்ட்டை (வாயு உள்ளே வந்து வெளியே போகும் வழியை) குடைந்து பெரிதாக்கியவர் ஒரு மில்லிமீட்டர்கூடத் துளையைப் பெருக்காமல் இருந்தாலும், அவர் செய்தது மாற்றிக் கட்டுதல்.

வடிவத்தின் பெயரையும் வேலையின் பெயரையும் கலக்கக் கூடாது என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. கஃபே ரேசர் என்பது 1950களிலும் 60களிலும் இங்கிலாந்தின் சாலையோரச் சிற்றுண்டிக் கடைகளைச் சுற்றி இளைஞர்கள் தம் வண்டிகளை வேகத்துக்காக மாற்றிக் கட்டியதில் பிறந்த, தாழ்ந்த கைப்பிடி கொண்ட வடிவம். ஆனால் ராயல் என்ஃபீல்டு 1964இல் கான்டினென்டல் ஜிடி என்ற 250 சி.சி. வண்டியை அந்த வடிவத்திலேயே ஆலையிலிருந்து வெளியிட்டது. இன்று ஒருவர் அந்த வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது கஃபே ரேசர்தான், ஆனாலும் மீளக் கட்டியது. கஃபே ரேசர், பாபர், சாப்பர் என்ற பெயர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிக்கொள்வோம். வடிவப் பெயர்களை மொழிபெயர்க்க மெனக்கெடுவதைவிட வேலையின் பெயரைச் சரியாக வைப்பது பயனுள்ளது.

எங்கள் ஊரை முன்னிட்டு ஒரு துணைச்செய்தி. பழைய வண்டியின் சைலன்சர், ரிம், டேங்கின் பக்கவாட்டு ஆகியவற்றுக்கு வெள்ளி போன்ற பளபளப்பைத் தரும் குரோமியப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கனம்கூட இராது. துருவைத் தடுத்து நிற்பது அதன் அடியிலுள்ள நிக்கல். பழைய படலத்தை நீக்கி, இரும்பைத் தேய்த்து மெருகேற்றி, நிக்கலைப் போதிய கனத்துக்கு ஏற்றி, பிறகே குரோமியம் ஏற்ற வேண்டும். இதற்கு 'மின்முலாம்' என்ற சொல் நிலைத்துவிட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் தந்ததால் காரைக்குடியில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கிவருவதால், இந்தத் துறையின் சொற்களுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பற்றும் இருக்கிறது.

அன்புடன்.

தேவகோட்டையிலிருந்து

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு சொற்கள் தேவை என்பதை முழுமையாக ஏற்கிறேன். 'கட்டு' பற்றித்தான் தயக்கம். நம் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் வைப்பவை. இடையில் இருப்பவற்றை முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்றே எண்ணுகிறோம். வண்டி வேலை நடக்கிற இடமும் பெரும்பாலும் பின்கட்டுத்தான். 'இரண்டாங்கட்டில் மீள்கட்டு நடக்கிறது' என்று எழுதினால், கொத்தனார் வந்திருக்கிறார் என்றுதான் ஆச்சிமார் நினைப்பார்கள். 'மாற்றுக்கட்டு' அதைவிடச் சிக்கல். புத்தூர்க் கட்டுப் போட்டவர் கட்டு மாற்றிக்கொள்ளப் போகிறார் என்று பொருள்படும். 'திருப்பணி' என்ற சொல்லை யாரும் நினைத்துப் பார்க்கவில்லையே என்று எனக்கு வியப்பு. பழையதை இருந்தபடி நிலைநிறுத்தும் வேலைக்கு நகரத்தார் நாட்டில் அதைவிடப் பழகிய சொல் ஏது?

எல்லையைப் பற்றியும் ஒரு கேள்வி. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்றைய வண்டிகளில் பழகியவர்களுக்காக, இணைப்புத் தண்டு ஒன்றைப் பொருத்திக் கியரை இடப்புறம் கொண்டுவருகிறார்கள். ஆறு வோல்ட் விளக்கு மங்கலாக எரிகிறது என்று ஜாவாவைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றுகிறார்கள். தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணுத் தீப்பொறி அமைப்பை வைக்கிறார்கள். வெளித்தோற்றம் துளியும் மாறுவதில்லை. இவர்கள் எந்தப் பக்கம்? பள்ளத்தூர் நண்பர் கேட்டதையும் சேர்த்துக்கொள்கிறேன்: டேங்கில் கையால் இழுத்த பொன்கோடும் பழைய வண்ணமும் மங்கி, ஆனால் அழியாமல் இருக்கும் வண்டியை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஓடும்படி மட்டும் வைத்திருப்பவரின் வேலைக்கு என்ன பெயர்?

காரைக்குடியிலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

'திருப்பணி' அழகான சொல். ஆனால் அதை வண்டிக்குத் தர மனம் ஒப்பவில்லை, பக்தியினால் மட்டும் அன்று. திருப்பணியில் புதிய மண்டபம் எழுப்புவதும் அடங்கும், பழைய தூணைத் துப்புரவு செய்வதும் அடங்கும். நாம் எந்த வேறுபாட்டைக் காட்டச் சொல் தேடுகிறோமோ அதே வேறுபாட்டை அது மறைத்துவிடும்.

கட்டு என்னும் பெயர்ச்சொல்லைப் பற்றிய உங்கள் தடை நியாயமானது. பெயர்ச்சொல்லாக நிற்கும்போதுதான் வீட்டின் கட்டும் காயத்தின் கட்டும் குறுக்கே வருகின்றன. வினையாக வரும்போது 'எதை' என்ற கேள்விக்கு விடை அருகிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே 'மீள்கட்டு', 'மாற்றுக்கட்டு' இரண்டையும் விட்டுவிடலாம். 'வண்டியை மீளக் கட்டுதல்', 'வண்டியை மாற்றிக் கட்டுதல்', 'மீளக் கட்டிய புல்லட்', 'மாற்றிக் கட்டிய ஆர்எக்ஸ்' என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. வேட்டியையும் மாற்றிக் கட்டுகிறோமே என்று அடுத்து ஒருவர் கேட்பார், கேட்கட்டும். 'வண்டி கட்டு' என்றால் மாட்டைப் பூட்டு என்று பொருள்கொண்ட தலைமுறையும் கரூரில் பாடி கட்டுகிற தலைமுறையும் ஒரே மொழியில்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

எல்லைக் கேள்விக்கு என் விடை, இலக்கைப் பார்க்க வேண்டும் என்பதே. தயாரிப்பாளர் அந்த மாதிரி வண்டிக்கு வகுத்த வடிவத்தையும் அளவையும் இலக்காகக் கொண்டு செய்வது மீளக் கட்டுதல். வேறொரு வடிவத்தையோ திறனையோ இலக்காகக் கொண்டு செய்வது மாற்றிக் கட்டுதல். பன்னிரண்டு வோல்ட்டும் மின்னணுத் தீப்பொறியும் இடப்புறக் கியரும் திருகைக் கழற்றினால் திரும்பிவிடுபவை. அவற்றை 'விலகல்' என்று தனியே பெயரிட்டு, மீளக் கட்டிய வண்டியின் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும். எழுதாமல் விற்பதுதான் தவறு. அறுத்த சட்டகம் அப்படித் திரும்பாது. வெல்டிங் வைத்து ஒட்டினாலும் வலிமை பழையபடி வரும் என்று எந்தப் பட்டறையும் உறுதி தர முடியாது.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்குச் சட்டமே சாட்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2021இல் வந்த விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பழம்பெரும் ஊர்தி என்ற நிலையில் தனி வரிசைப் பதிவெண் தருகின்றன; புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டு. அந்தப் பதிவைப் பெற வண்டியின் சட்டகத்திலோ உடற்கூட்டிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. 'மீளக் கட்டியது' என்றும் 'மாற்றிக் கட்டியது' என்றும் விண்ணப்பத்தில் தமிழில் எழுத ஒருவருக்கு வாய்ப்புக் கிடைத்தால், அந்த இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள தூரம் பதிவெண் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் இடையே உள்ள தூரமாகவே இருக்கும்.

பள்ளத்தூர் நண்பரின் வண்டிக்கு 'உள்ளபடி காத்தல்' என்று வைக்கலாம். பழைய வண்ணம் ஒருமுறை சுரண்டப்பட்டால் அது திரும்பி வராது. எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் அது இன்றைய வண்ணம்தான். வண்டி இந்த நிலையில் கிடைத்தவர் மீளக் கட்டுவதைப் பற்றி நினைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து, மற்றவர்கள் மாறுபடலாம்.

வேலை நடக்கும் இடத்துக்கு 'வீட்டுப் பட்டறை' போதும். கொட்டகையில் வண்டி நிற்கும், பட்டறையில் வேலை நடக்கும். மறுப்பு இல்லையெனில் மீளக் கட்டுதல், மாற்றிக் கட்டுதல், இறக்கிக் கட்டுதல், உள்ளபடி காத்தல், விலகல் ஆகிய ஐந்தையும் மேற்சொன்ன வரையறைகளோடு பட்டியலில் சேர்த்துவிடலாம். சேர்ப்பதற்கு முன் கரூர்ப் பக்கம் உள்ள நண்பர் யாராவது, பழைய பேருந்தின் பாடியைப் பிரித்து மறுபடி கட்டுவதை அங்குள்ள பட்டறைகளில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் நல்லது. அங்கே இதைவிடச் சிறிய சொல் ஒன்று ஏற்கெனவே இருந்தால் நாம் அதையே எடுத்துக்கொள்ளலாம்.