எங்கள் தெருவில் மெஷின் நிற்கிறது, சென்செக்ஸ் மட்டும் எப்படி ஏறுகிறது? (செப்டம்பர் 2025)

செக்கிங் மேசை, திருப்பூர்:

பங்குச்சந்தை பார்க்கிறவர்களிடம் ஒரு கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.என். ரோடு பக்கம் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் இருக்கிறேன். முன்பு செக்கிங் மட்டும், இப்போது கணக்கும் என் பொறுப்பு. ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 24 தையல் மெஷின். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து கட்டிங் பீஸ் மூட்டையாக வரும். தைத்து, பிசிறு வெட்டி, செக் செய்து திருப்பி அனுப்புவோம். அமெரிக்கக் கடைகளுக்குப் போகும் ரவுண்ட் நெக் டி-ஷர்ட்தான் இத்தனை வருடமாக எங்களுக்குச் சோறு போட்டது.

இப்போது நம் சரக்குக்கு அங்கே 50 சதவீதம் கூடுதல் வரி. பாதி இந்த 2025 ஆகஸ்ட் 7-ம் தேதி வந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி மீதிப் பாதியை 27-ம் தேதி போட்டார்கள். பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் வரி உண்டு, அதற்கு மேல்தான் இந்த 50. பங்களாதேஷ், வியட்நாம், இலங்கை மூன்றுக்கும் கூடுதல் வரி 20தான். எண்ணெய் வாங்குவது யாரோ, விற்பது யாரோ. இங்கே காலர் பிடித்துத் தைக்கிற கைக்கு ஏன் வேலை போக வேண்டும்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

24 மெஷினில் இன்று ஓடுவது 9. ஒன்றரை ஷிப்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு ஷிப்ட்கூட வாரம் முழுக்கத் தர முடியவில்லை. சனிக்கிழமை சம்பளக் கவரை நீட்டும்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, தொட்டதுமே தெரிந்துவிடுகிறது. ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர் பூஜைக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். "அக்கா, திரும்பி வரலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

சரி, கேள்விக்கு வருகிறேன். மகன் படிப்புக்காக மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் 3,000 ரூபாய், எஸ்.ஐ.பி. என்பார்களே, அது கட்டுகிறேன். அதனால் சந்தையையும் ஒரு கண் பார்ப்பேன். வரி வருவதற்கு முதல் நாள், ஆகஸ்ட் 26, சென்செக்ஸ் 849 புள்ளி விழுந்தது. 27 விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. 28 அன்று இன்னும் 706 புள்ளி விழுந்து 80,080-ல் நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் இப்போது செப்டம்பர் பாதியில் 82,000 பக்கம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு மெஷின்கூடத் திரும்ப ஓடவில்லையே! அப்படியானால் அந்த எண் எதைத்தான் அளக்கிறது? யூனிட்டில் சம்பளமே உறுதியில்லாதபோது நான் எஸ்.ஐ.பி.யைத் தொடரலாமா, நிறுத்தலாமா?

இன்னொன்று. இதற்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எங்கள் யூனிட்டில் காலை முதல் இரவு வரை ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், பெரும்பாலும் ராஜா பாட்டு. நடுவில் நியூஸ் வந்தால் உடனே மாற்றச் சொல்லிவிடுகிறோம். நான் இத்தனை வருடம் கேட்ட அதே பாட்டுகளில் இப்போது அடியில் இன்னொரு கிட்டார் தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டே போகிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது மேலே ஏறி வந்து, அவர் திரும்பத் தொடங்கியதும் கீழே இறங்கிக்கொள்கிறது. இதெல்லாம் முன்பு என் காதில் விழுந்ததே இல்லை. மெஷின்கள் நின்றதால் கேட்கிறது. அவ்வளவு அழகாக இருக்கிறது, ஆனால் கேட்கும்போது சந்தோஷப்பட முடியவில்லை. இங்கே இசை தெரிந்தவர்கள் இருந்தால் அது என்னவென்று சொல்லுங்கள்.

---

நொய்யல்கரை:

வணக்கம் அக்கா. நான் அவிநாசி ரோட்டில் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட். உங்களைப் போன்றவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள், இந்த ஒரு மாதமாக இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

சென்செக்ஸ் என்பது மும்பைப் பங்குச்சந்தையில் 30 கம்பெனிகளின் பங்கு விலையை வைத்துப் போடுகிற குறியீட்டு எண். ஹெச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க், ரிலையன்ஸ், இன்ஃபோசிஸ், ஏர்டெல் போன்ற பெரிய தலைகள்தான் அதை ஏற்றுவதும் இறக்குவதும். அதில் ஒரு பனியன் கம்பெனிகூடக் கிடையாது. வங்கி உள்நாட்டில் கடன் கொடுத்துச் சம்பாதிக்கிறது. சாஃப்ட்வேர் அமெரிக்காவுக்குத்தான் போகிறது, ஆனால் இந்த வரி சரக்குக்குத்தான், சேவைக்கு இல்லை. மருந்துக்கும் ஸ்மார்ட்போனுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக, அடி முழுக்க விழுந்தது ஆடை, இறால், வைரம், தோல் மாதிரி ஆள் நிறைய வேலை செய்யும் தொழில்களில். இவற்றில் முக்கால்வாசி சிறு முதலாளிகள், சந்தையில் பட்டியலிடப்படாதவர்கள். பட்டியலில் இருக்கிற ஆடை ஏற்றுமதிப் பங்குகளைப் போய்ப் பாருங்கள், கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ் உட்பட ஆகஸ்ட்டில் நன்றாகவே அடி வாங்கின. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. நமக்கு அது பெரிய ஓட்டை. மும்பைக் குறியீட்டுக்கு ஒரு கீறல்.

அடுத்த காரணம் நீங்களேதான் அக்கா. ஆகஸ்ட் மாதம் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம் சந்தையில் சுமார் 35,000 கோடிக்குப் பங்குகளை விற்றார்கள். அதே மாதம் எஸ்.ஐ.பி. வழியாக மட்டும் 28,000 கோடிக்கு மேல் வந்திருக்கிறது. உங்கள் 3,000 ரூபாயும் அதில் சேர்ந்ததுதான். 2008-ல் வெளிநாட்டுக்காரர் விற்றபோது தாங்கிப் பிடிக்க இப்படி மாதாமாதம் பணம் வரவில்லை. இன்று வருகிறது.

இனி உங்கள் பணம். தேதியை வைத்து முடிவு செய்யுங்கள், டிரம்பை வைத்து வேண்டாம். உங்கள் மகனுக்கு அடுத்த ஃபீஸ் எப்போது? ஒரு வருடத்துக்குள் என்றால் அந்த அளவுக்கு மட்டும் இப்போதே எடுத்து வங்கியில் போட்டுவிடுங்கள். பங்குச்சந்தை ஃபண்டில் வாங்கி ஒரு வருடம் தாண்டிய ஃபண்ட் யூனிட்டுகளை விற்றால், லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. உங்களுக்கு அதற்குள்தான் வரும். எடுக்கச் சொன்னால் இரண்டு மூன்று வேலை நாளில் கணக்கில் விழுந்துவிடும்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்தினால் ஃபண்ட் கம்பெனி அபராதம் எதுவும் போடாது. ஆனால் நிறுத்தாமல் விட்டு, கணக்கில் பணமும் இல்லையென்றால் வங்கி ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும். அது வீண். என்னைக் கேட்டால், ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே நிறுத்துங்கள், அந்த 3,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள். எஸ்.ஐ.பி. நின்றால் எனக்குக் கமிஷன் போகும்தான். ஆனாலும் சம்பளம் ஆடுகிற நேரத்தில் உங்கள் கையில் பணம் இருப்பதுதான் எனக்கும் நிம்மதி.

---

பஞ்சப்படி:

அம்மணி, நான் சந்தையைப் பற்றிப் பேச வரவில்லை. பனியன் தொழிலில் காஜா பட்டன் பையனாக நுழைந்து, தொழிற்சங்கத்தில் இருந்து, இப்போது வீட்டில் இருக்கிறேன். 1984-ல் பஞ்சப்படி, அதாவது விலைவாசிக்கு ஏற்ற சம்பளப் படி, கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் நின்றவன். என் பெயரே அதுதான்.

இந்த ஊர் பார்த்த அடி கொஞ்சமல்ல. 2011-ல் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது, வாரச் சம்பளம் ரொக்கமாகக் கொடுக்கிற ஊர் இது, எங்கே போவது? அப்புறம் ஜி.எஸ்.டி., கொரோனா, நூல் விலை. ஒவ்வொரு முறையும் முதலில் ஆர்டர் நின்றது. அதற்கு அடுத்து நின்றது போனஸ். அதைச் சொல்லத்தான் வந்தேன், ஏனென்றால் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது.

தீபாவளி அக்டோபர் 20. இந்தத் தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய போனஸ் மார்ச்சில் முடிந்த வருடத்துக்கு உரியது. அந்த வருடத்தில் இந்த வரி கிடையாது, உங்கள் 24 மெஷினும் ஓடியிருக்கும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடமாக இருந்தால் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் சட்டப்படி கொடுத்தாக வேண்டும், லாபமோ நஷ்டமோ. அந்த வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும், ஒடிசாப் பையன்களுக்கும் உண்டு. அவர்கள் பூஜைக்குக் கிளம்புவதற்குள் வருகைப் பதிவேட்டை எடுத்து அவர்கள் கணக்கைப் போட்டுக் கையில் கொடுங்கள். ஊருக்குப் போன பிறகு அந்தப் பணம் போய்ச் சேர்வது கஷ்டம்.

தைக்கிற கைக்கு ஏன் வேலை போக வேண்டும் என்று கேட்டீர்கள். பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை டிசம்பர் 31 வரை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், மில்லுக்கு நல்லது. வேலை இழந்த டெய்லருக்கு நேரடியாக என்ன வந்தது? அதைக் கேட்க ஆள் வேண்டும். சட்டமன்றத் தேர்தல் எட்டு மாதத்துக்குள் வருகிறது. வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதைக் கேளுங்கள்.

---

கோபி கீபோர்டு:

அக்கா, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் லாகின் செய்தேன். நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன்.

நீங்கள் கேட்பது பேஸ் கிட்டார். நான்கே கம்பி, அதில் தடித்தது 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், மனிதக் காது கேட்கிற கீழ் எல்லைக்கு அருகில். உங்கள் பழைய மெஷின்களில் கிளச் மோட்டார் இருக்குமே, பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த முனகல் அதே கீழ் ஸ்தாயியில்தான். இருபது மோட்டார் சேர்ந்து முனகினால் பேஸ் மொத்தமும் அதில் அமுங்கிப்போகும். குரலும் வயலினும் புல்லாங்குழலும் மேலே இருப்பதால் தப்பித்து உங்கள் காதுக்கு வரும். இத்தனை வருடம் நீங்கள் பாட்டின் மேல் பாதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

பல பாட்டுகளில் பேஸ் வெறும் தாளத்துக்கு முட்டுக் கொடுப்பதோடு நின்றுவிடும். ராஜா அப்படி எழுத மாட்டார். பேஸுக்கும் சுரம் சுரமாக எழுதிக் கொடுப்பார், அதைத் தனியாக வாசித்தாலே ஒரு பாட்டு. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மேலே ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். சரணத்திலிருந்து திரும்புகிற இடங்களை இனிமேல் கவனியுங்கள், பல்லவிக்குக் கொண்டு வந்து சேர்ப்பதே பேஸ்தான். எங்கள் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் வராத நாளில் நான் இடது கையால் சமாளிப்பேன். பாடகர்களுக்கு உடனே தெரிந்துவிடும், சுருதி கைவிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள்.

மெஷின் திரும்ப ஓடினால் இது மறுபடி கேட்காமல் போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். இரவில் வீட்டில் ஹெட்போன் வைத்துக் கேளுங்கள். மெஷின் ஓடட்டும். எங்களுக்கும் அதுதான் பிழைப்பு. உங்கள் ஊரில் சனிக்கிழமை கவர் கனமாக இருந்தால்தான் பக்கத்துக் கிராமத்துக் கோயில் நோன்பியில் கச்சேரிக்கு வரி பிரிக்க முடியும். இந்த வருடம் இரண்டு கமிட்டிக்காரர்கள் போன் செய்து, ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், சவுண்ட் சர்வீஸ் மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அமெரிக்காவில் போட்ட வரி பங்குச்சந்தைக்குப் போகாமல் என் கீபோர்டுக்கு வந்திருக்கிறது.

---

செக்கிங் மேசை, திருப்பூர்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன்.

நொய்யல்கரை தம்பி, ஃபீஸ் ஜனவரியில். அந்தத் தொகையை எடுக்க இன்று காலை ஆப்பில் போட்டுவிட்டேன். எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டேன், எங்களிடம் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லை. மீதியைத் தொடவில்லை. சென்செக்ஸ் எதை அளக்கிறது என்று இப்போது புரிகிறது. எங்களை அளப்பதற்கு ஒரு எண் இல்லையே என்ற ஆதங்கம் மட்டும் போகவில்லை.

பஞ்சப்படி அய்யா, பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கைமடிக்கிற பெண்களையும் ஹெல்ப்பர்களையும் சேர்த்தால் போன வருடம் 31 பேர். ஒடிசாப் பையன்கள் இருவருக்கும் 30 நாளுக்கு மேலேயே இருக்கிறது. ஓனர் அண்ணனிடம் கணக்கைக் காட்டினேன். முகம் வாடியது, அவருக்கும் கம்பெனியிலிருந்து பில் பாக்கி. ஆனால் மறுக்கவில்லை. "பசங்களுக்கு முதல்ல குடுத்துரலாம், மத்தவங்களுக்குத் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை" என்றார். அந்தச் சனிக்கிழமை 18-ம் தேதி. எழுதி வைத்திருக்கிறேன்.

வேலை பற்றி ஒரு செய்தி: காதர்பேட்டையிலிருந்து உள்நாட்டு ஆர்டர் கேட்டிருக்கிறோம், தீபாவளிக்குக் குழந்தைகள் செட். ரேட் குறைவு, பீஸுக்குப் பைசா கணக்கில் பேசுகிறார்கள். செப்டம்பர் 22-ம் தேதி முதல் 2,500 ரூபாய் வரையுள்ள உடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ஆகிறது, ஆனால் எங்கள் செட் ஆயிரத்துக்குள், அதற்கு முன்பும் 5தான். ஆகவே அதில் எங்களுக்குப் பெரிய மாற்றமில்லை. செயற்கை நூலுக்கு 12-லிருந்து 5 ஆகிறது, பாலியஸ்டர் தைக்கிறவர்களுக்கு அது உதவும். பிரிட்டன் ஒப்பந்தம் ஜூலையில் கையெழுத்தாகிவிட்டது, நடைமுறைக்கு வந்தால் ஆடைக்கு அங்கே வரியில்லை. ஓனர் அண்ணன் அதைத்தான் நம்பியிருக்கிறார்.

கோபி தம்பி, ஹெட்போன் இல்லை, மகனுடையதை வாங்கிக் கேட்டேன். நீங்கள் சொன்ன அந்தத் திரும்புகிற இடம் கேட்டது. நம்ம யூனிட்டில் ஆயுத பூஜைக்கு வழக்கமாக ஸ்பீக்கரில்தான் பாட்டுப் போடுவோம். அக்டோபர் 1-ம் தேதி சாயங்காலம் நீங்களும் பேஸ் வாசிக்கிறவரும் மட்டும் வர முடியுமா? பெரிதாகக் கொடுக்க முடியாது, போக்குவரத்தும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மேலே எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். பக்கத்து இரண்டு யூனிட்டிலும் கேட்டேன், பங்கு போடுகிறோம் என்கிறார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து நிறுத்தியிருக்கும் நேரம், சத்தம் இருக்காது.