ரோட்ஹவுஸ்: 'முழுமர வழிவிடுதி' பொருந்துமா?

அன்புள்ள ஐயா, வணக்கம். அமெரிக்காவின் அலாஸ்காவில் வழிப்பயணிகள் இரவு தங்கிய, மரத்தண்டுகளால் கட்டிய 'லாக் ரோட்ஹவுஸ்' என்ற இடத்துக்கு அகராதியில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பது பற்றித் தாங்கள் எழுதியிருந்தீர்கள்:

> அலாஸ்காவின் ரோட்ஹவுஸுக்கு 'மரச்சத்திரம்' என்றே வைத்துவிடலாமே. பழகிய சொல்.

பழகிய சொல் என்பதால்தான் தயங்குகிறேன். சத்திரம் என்றதும் நமக்கு அறம் நினைவுக்கு வந்துவிடும். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குக் காசு வாங்காமல் சோறு போட்டார்கள். ரோட்ஹவுஸ் அப்படியல்ல. படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்கி நடத்திய பிழைப்பு அது. எனவே 'விடுதி'தான் சரி. 'சாவடி'யையும் யோசித்தேன். அதைச் சுங்கமும் வாக்கும் எடுத்துக்கொண்டுவிட்டன.

'சாலைவிடுதி' வேண்டவே வேண்டாம். அங்கே சாலை ஏது? 1902இல் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் தங்கம் கிடைத்த பிறகு, வால்டீஸ் துறைமுகத்திலிருந்து பனித்தடம் வழியாகத்தான் போனார்கள். குதிரை இழுக்கும் சறுக்குவண்டி, நாய்வண்டி, இல்லாவிட்டால் நடை. உறைந்த ஆற்றின் மேலேயும் தடம் போகும். இருட்டுவதற்குள் அடுத்த கூரையை எட்டியாக வேண்டும். அந்தக் குளிரில் வெளியே தங்கினால் உயிருக்கு உறுதியில்லை. ஆகவே வழிச்செலவு, வழித்துணை வரிசையில் 'வழிவிடுதி'.

அடுத்து, 'லாக் ரோட்ஹவுஸ்' என்பதில் உள்ள 'லாக்', அதாவது மரத்தண்டு. 'மரவீடு' என்றால் நம்மவர்கள் பலகை வீடு என்றே நினைப்பார்கள். இங்கே மரத்தை அறுப்பதே இல்லை. முழுத்தண்டை மூலையில் வெட்டுவாய் கொத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் பாசியைத் திணிப்பார்கள். கோடரி இருந்தால் போதும், காட்டு நடுவிலும் கட்டிவிடலாம். பிரித்து எடுத்துப் போகவும் முடியும். சல்லிவன் தம்பதியர் 1905இல் கட்டிய விடுதியை, தடம் மாறியதும் மறு ஆண்டே பிரித்துப் புதுத் தடத்தில் நிறுத்தினார்கள். 1990களில் மறுபடியும் பிரித்து டெல்டா ஜங்ஷன் என்ற ஊருக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது அருங்காட்சியகம். ஒரு கட்டடம் இரண்டு முறை இடம்பெயர்ந்ததற்குக் காரணமே அந்த அறுக்காத மரம்தான். அதைச் சொல்லாத கலைச்சொல் எனக்கு நிறைவு தராது. அதனால் 'முழுமரம்'.

டனானா ஆற்றங்கரையில் ரிக்கா வாலன் என்ற சுவீடன் நாட்டுப் பெண் 1917 முதல் நடத்திய இடத்தை 'ரிக்கா வழிவிடுதி' என்று எழுதிப் பார்த்தேன், இயல்பாகவே இருக்கிறது. 'முழுமர' என்ற அடைமொழி முதல் முறை மட்டும் போதும்.

ஒரே ஐயம்: 'முழுமர வழிவிடுதி'யில் இரண்டு ழகரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நா இடறுமா? வகுப்பில் பாடம் நடத்துபவர் தாங்கள்; சொல்லிக் கேட்டுப் பார்த்து எழுதுங்கள். அதன் பிறகு அகராதியில் ஏற்றலாம்.