இரண்டாவது கார்டில் மாட்டிய மானிட்டர் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது

மூன்றாம்திரை:
லினக்ஸ், திரையில் படம் காட்டும் மென்பொருள் எக்ஸ்ஆர்க் (அதற்குப் புது மாற்றான வேலண்ட் இல்லை). இரண்டு வீடியோ கார்டு, மூன்று மானிட்டர். முதல் கார்டில் இருக்கும் இரண்டும் ஒழுங்காக வருகின்றன, இரண்டாவது கார்டில் மாட்டியது மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. கேபிள் மாற்றினேன், மானிட்டரையே மாற்றிப் பார்த்தேன், கார்டைக் கழற்றித் திரும்பச் செருகினேன், ம்ஹூம். செருகிய கார்டுகளைப் பட்டியல் போடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்தால் 01:00.0, 10:00.0 என்று இரண்டு கார்டும் தெரிகின்றன. அதைப் பார்த்துத்தான் எக்ஸ்ஆர்க்கின் அமைப்பு ஃபைலான கான்ஃபில் பஸ்ஐடி (கார்டு இருக்கும் இடத்தின் எண்) எழுதினேன்: பிசிஐ:1:0:0, பிசிஐ:10:0:0. இரண்டு நாளாக இதே வேலை.

பழையமவுஸ்:
கேபிளை விடுங்கள். எக்ஸ்ஆர்க் லாக் ஃபைலில் ஸ்கிரீன் 1 பற்றி ஏதாவது இருக்கிறதா?

மூன்றாம்திரை:
இருக்கிறது. பொருந்தும் கான்ஃபிக் செக்‌ஷன் இல்லாததால் ஸ்கிரீன் 1 நீக்கப்பட்டது என்கிறது. செக்‌ஷன் இருக்கிறதே, நான்தானே எழுதினேன்!

கர்னல்காரன்:
எல்எஸ்பிசிஐ காட்டுவது ஹெக்ஸ் எண் (எழுத்தும் கலந்து வரும் 16 அடிமான எண்), கான்ஃப் ஃபைல் எதிர்பார்ப்பது டெசிமல் (நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமான எண்). உங்கள் 10 உண்மையில் 16. அங்கே 0ஏ என்று இருந்திருந்தால் அந்த எழுத்தைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்கும், 10 என்பது நல்ல பிள்ளை மாதிரி இருப்பதால் யாரும் ஏமாறுவார்கள், நானும் ஒருமுறை இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். அதே லாக்கின் ஆரம்பத்தில் பிசிஐ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள், 16@0:0:0 என்று டெசிமலிலேயே இருக்கும். நட்சத்திரக் குறி போட்டிருப்பது முதன்மைக் கார்டு.

மூன்றாம்திரை:
வந்துவிட்டது!! பிசிஐ:16:0:0 என்று மாற்றினேன், அவ்வளவுதான். ஆனால் மவுஸ் அந்தத் திரைக்குப் போகிறது, விண்டோவை இழுத்தால் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. இது என்ன புதுத் தலைவலி?

கர்னல்காரன்:
அது கோளாறு இல்லை. கார்டுக்கு ஒரு ஸ்கிரீன் செக்‌ஷன் எழுதினால் எக்ஸ் அவற்றைத் தனித்தனித் திரையாகத்தான் நடத்தும், ஒன்றில் திறந்த விண்டோ மற்றதற்குத் தாவாது. ஸினெராமா என்ற நீட்சியைப் போட்டு ஒரே திரையாக ஒட்டலாம், ஆனால் பழைய வழி, திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் சரியாக வேலை செய்யாது, விண்டோக்களைச் சேர்த்து வரையும் கம்பாசிட்டிங்கும் தகராறு பண்ணும், நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு டிரைவரும் கேஎம்எஸ் வகை (திரை அமைப்பைக் கர்னலே பார்த்துக்கொள்ளும் வகை) என்றால் கான்ஃப் ஃபைலையே ஓரமாக எடுத்து வைத்துவிட்டு எக்ஸை மறுபடி தொடங்குங்கள். எக்ஸ்ரேண்டரில் லிஸ்ட்ப்ரொவைடர்ஸ் அடியுங்கள், இரண்டு கார்டும் வரும், இரண்டாவதில் சின்க் அவுட்புட் (வேறு கார்டு வரைந்ததைத் தன் திரையில் காட்டும் வசதி) என்று இருந்தால் செட்ப்ரொவைடர்அவுட்புட்சோர்ஸ் 1 0 அடியுங்கள். அப்புறம் வழக்கம்போல ரைட்-ஆஃப் போட்டு அந்தத் திரையை மற்றதன் வலப்பக்கம் வையுங்கள். பஸ் எண்ணை நம்பி எழுதிய கான்ஃப் எப்படியும் நிலைக்காது, நாளைக்கு வேறொரு கார்டு செருகினால் எண்ணே மாறிவிடலாம்.

மூன்றாம்திரை:
சரி, செய்தாயிற்று. புது அவுட்புட்டின் பெயர் எச்டிஎம்ஐ-1-1 என்று வந்ததில் கொஞ்சம் குழம்பினேன். இப்போது மூன்று திரையிலும் விண்டோ தாராளமாக நகர்கிறது. ரீபூட் செய்தால் மறந்துவிடுகிறது, அந்த இரண்டு வரியையும் லாகின் ஆகும்போது தானாக ஓடும் எக்ஸ்ப்ரொஃபைலில் போட்டுவிட்டேன்.