தனியார் ஆஸ்பத்திரியா, அரசு ஆஸ்பத்திரியா: எங்கே குழுவாக வேலை நடக்கிறது?

மலர்_டர்பன்:
தனியாரில்தான் டாக்டர், நர்ஸ், பிசியோ எல்லாரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதினார். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிகிறது. நம் தென்னாப்பிரிக்காவில் தனியார் ஆஸ்பத்திரி பொதுவாக டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. சுகாதாரத் தொழில் கவுன்சிலின் விதி அது. டாக்டர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக பில் போடுகிறார். நான்கு பேர் உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் அரை மணி நேரத்துக்கு யார் பில் போடுவது?

குமரன்_சாட்ஸ்வர்த்:
அக்கா, ஒரே இடத்தில் சம்பளம் வாங்கினால் குழு ஆகிவிடுமா? அரசு வார்டில் காலைச் சுற்றைப் பாருங்கள். கன்சல்டன்ட் என்ற மூத்த டாக்டர் முன்னால், நிபுணராகப் பயிற்சி பெறும் ரெஜிஸ்ட்ரார் பின்னால், படிப்பு முடித்த புது டாக்டரான இன்டர்ன் கடைசியில். நர்ஸ் கோப்போடு ஓரமாக நிற்பார். ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் இருந்தவர், நோயாளியின் சூலு மொழியில் பேசியவர். அந்த நர்ஸை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

மலர்_டர்பன்:
அது உண்மைதான் தம்பி. ஆனால் அரசு கிளினிக்கில் அப்படி இல்லையே. டாக்டர்கள் போதாததால் 2010 முதல் எச்.ஐ.வி. சிகிச்சையை நர்ஸே தொடங்க விட்டார்கள். அங்கே முடிவெடுத்தவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தால் மறுபடி கோப்புதான் தூக்குகிறார்.

வழிப்போக்கன்_பீட்டர்மரிட்ஸ்பர்க்:
ரெண்டு பேரும் டர்பனை விட்டு வெளியே வாருங்கள். கிராமத்து மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்) எல்லாம் பலரும், படிப்பு முடித்ததும் அரசில் செய்ய வேண்டிய கட்டாயச் சமூக சேவைக்கு வந்த பிள்ளைகள். ஒரே குடியிருப்பு, டீ குடிக்கும்போதே கேஸைப் பேசி முடித்துவிடுவார்கள். எந்தக் கூட்டமும் வேண்டாம். ஆனால் ஒரு வருடம்தான். பழகுவதற்குள் டிசம்பர் வந்துவிடும். ஜனவரியில் எல்லாம் புதுமுகம்.

குமரன்_சாட்ஸ்வர்த்:
அண்ணே, கணினி வந்தால் இதெல்லாம் சரியாகும் என்பார்கள் பாருங்கள். 2002இல் டர்பனில் திறந்த ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை என்ற அரசு ஆஸ்பத்திரி காகிதமே இல்லாமல் நடத்துவதற்கென்று கட்டியது. எல்லாரும் ஒரே கோப்பைத் திரையில் பார்க்கலாம், சரி. பார்த்தவர் பேசுவார் என்று என்ன நிச்சயம்?

மலர்_டர்பன்:
திரை பேச வைக்காது. ஆனால் புதன்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் சம்பளக்காரர் வந்துதான் ஆக வேண்டும். தனி பில்காரரை யார் கட்டாயப்படுத்துவது?

குமரன்_சாட்ஸ்வர்த்:
கூப்பிடுங்கள் அக்கா. அந்தக் கூட்டத்தில் முதலில் பேசுவது நர்ஸ் என்று எழுதிப் போடுங்கள், அப்புறம் நான் உங்கள் கட்சி.