டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டம்): வீசியதும் தடுமாறுகிறேன், டிஸ்க் வலது பக்கம் ஓடுகிறது. உதவி தேவை

செம்மண்: வணக்கம். அமெரிக்காவின் சார்லட்டில் ஆடத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. டீயில், அதாவது முதல் வீச்சுக்கான இடத்தில், காலைக் குறுக்கே வைத்து ஓடிவரும் எக்ஸ் ஸ்டெப் போட்டு, கையை உடலுக்குக் குறுக்கே பின்னால் நீட்டி பேக்ஹேண்ட் வீசினால் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். டிஸ்க் 200 அடி போவதற்குள் வலது பக்கக் காட்டுக்குள் புகுந்துவிடுகிறது. "தலையை ஆட்டாதே, கூடையை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்று கூட ஆடுபவர் சொன்னார். அப்படித்தான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீக் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

சங்கிலிச்சத்தம்: எந்த டிஸ்க்? தடுமாற்றம் எந்தப் பக்கம்? வீடியோ உண்டா?

காட்டுப்பாதை: வலது பக்கம் போனால் கிரிப்லாக்தான், வேறு எதுவும் இல்லை. விட வேண்டிய இடத்தில் விரல் விடாமல், கொஞ்சம் தாமதமாக விடுகிறது. நான் ஒரு வருடம் இதில் மாட்டிக்கொண்டு தவித்தேன். பிடியைத் தளர்த்துங்கள், ஒவ்வொரு வீச்சுக்கும் முன் டிஸ்கைத் துண்டால் துடையுங்கள்.

செம்மண்: டிஸ்ட்ராயர், 175 கிராம். பின்னால் தடுமாறுகிறேன். வீடியோ இல்லை.

சங்கிலிச்சத்தம்: நான்கு மாதத்தில் டிஸ்ட்ராயரா! அதன் வேக எண் 12, ஃபேட் (கடைசியில் பக்கவாட்டில் சரியும் அளவு) 3. உங்கள் கைவேகத்துக்கு அது பறக்கவே தொடங்காது. லெப்பர்ட் டிஸ்க் வாங்குங்கள், வேகம் 6. பாதிப் பிரச்சினை தீரும்.

டீபேட்வாசி: தம்பி, இவர்கள் சொல்வதை எல்லாம் விடு. டிஸ்கை மாற்றி, துண்டு வாங்கி யாரும் ஆட்டம் கற்றதில்லை. முதலில் நிற்கக் கற்றுக்கொள். வீசியபின் சமநிலையைக் காட்ட வேண்டும் என்று பிடிஜிஏ (டிஸ்க் கோல்ஃப் சங்கம்) விதியே இருக்கிறது. நீ லீக்கில் இப்படி ஆடினால் ஒவ்வொரு டீயிலும் ஃபுட் ஃபால்ட், கால் தவறு. விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வா.

தாம்பரே_குளிர்: டீபேட்வாசி அண்ணா, அந்த விதி கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வீசும்போது மட்டும்தான். டீயில், டிஸ்க் கையை விடும் கணத்தில் கால் டீக்குள் இருந்தால் போதும். அப்புறம் வெளியே போனாலும் தவறில்லை.

டீபேட்வாசி: நீங்கள் பிறக்கும் முன்பிருந்தே ஆடுகிறேன். தடுமாற்றம் தடுமாற்றம்தான்.

காட்டுப்பாதை: விதியில் தாம்பரே சொல்வதே சரி. டீயில் வேகமாக ஓடி வருபவர்கள் வீசிய பிறகு டீயைத் தாண்டிப் போவது சாதாரணம். புதிதாக வந்தவரைத் தப்பான விதி சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

வேகப்பந்து: கண்ணை எடுக்காதே என்று சொன்னவர் சொன்னது தப்பில்லையே. 12 வருடம் பந்து வீசியிருக்கிறேன். தலை சாய்ந்தால் லைன் போய்விடும்.

தாம்பரே_குளிர்: பந்துவீச்சில் இலக்கைப் பார்த்தபடியே ஓடி வருகிறோம். இங்கே கை பின்னால் நீளும் நேரத்தில் முதுகு இலக்கைப் பார்க்கிறது. அப்போதும் கண் கூடையிலேயே இருந்தால் கழுத்துதான் திருகும்.

செம்மண், இதுவரை யாரும் கேட்கவில்லை: எந்தக் கையால் வீசுகிறீர்கள்?

செம்மண்: இடது கை. சொல்லவில்லையா? மன்னிக்கவும்.

தாம்பரே_குளிர்: அப்படியானால் கதையே வேறு. கிரிப்லாக்கை மறந்துவிடுங்கள், தாமதமாக விட்டால் உங்களுக்கு இடது பக்கம்தான் போகும். இடது கை பேக்ஹேண்டில் டிஸ்க், மேலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றும். வேகம் குறைந்ததும் வலது பக்கம்தான் சரியும். அதன் இயல்பே அதுதான். உங்களுக்கு அது சீக்கிரமாக நடக்கிறது, ஏனென்றால் டிஸ்கின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, தூக்கிக்கொண்டு போகிறது.

அதற்குக் காரணம் தலை என்று நினைக்கிறேன். கூடையையே பார்த்துக்கொண்டு கையைப் பின்னால் நீட்டினால் ஓரளவுக்கு மேல் கழுத்து திரும்பாது. உடனே மோவாய் தூக்கும், தலை பின்னால் சாயும். தலை என்பது ஏறக்குறைய 5 கிலோ. அது பின்காலுக்கு மேலேயே தங்கிவிட்டால் முன்காலை ஊன்றியும் பாரம் அதில் ஏறாது. முன்தோள் உயரும், டிஸ்கும் அதோடு வானத்தைப் பார்க்கும், நீங்கள் பின்னால் தள்ளாடுவீர்கள். பனியில் கால் வழுக்கும் என்ற பயத்தில் இரண்டு குளிர்காலம் நானும் இப்படிப் பின்னால் சாய்ந்துதான் வீசினேன்.

இன்றைக்கு ஓட்டம் வேண்டாம். பட்டர் (கூடைக்கு அருகில் வீசும் மெதுவான டிஸ்க்) ஒன்றை எடுத்து, உங்கள் முன்காலான இடது காலில் நில்லுங்கள். வலது கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொடட்டும். கை பின்னால் போகும்போது முகமும் தோளோடு திரும்பட்டும், கூடை கண்ணை விட்டு மறையட்டும், ஆனால் உங்கள் மூக்கு இடது முழங்காலுக்கு மேலேயே இருக்கட்டும். பாதி பலம் போதும். விட்டதும் குதிகாலில் சுழலுங்கள், பாதத்தை இறுக்கி வைத்தால் முழங்காலுக்குக் கெடுதல். டிஸ்க் தரையைத் தொடும்வரை அந்த ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா பாருங்கள். போனை மார்புக்கு நேர் எதிரே வைத்துப் படம் எடுத்தால் தலை எந்தக் காலுக்கு மேல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சங்கிலிச்சத்தம்: இடது கை என்று தெரிந்திருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். ஆனாலும் டிஸ்ட்ராயர் வேண்டாம்.

டீபேட்வாசி: நிற்கக் கற்றுக்கொள் என்று நான் சொன்னதும் இதுதானே.

செம்மண்: படம் எடுத்தேன். தலை வலது காலுக்கு மேல்தான் இருந்தது. நின்றபடி 20 வீச்சு, 13 நேராகப் போயின. ஓடி வந்தால் இன்னும் தடுமாறுகிறேன். லீக்கில் நின்றே வீசப் போகிறேன். நன்றி.

தாம்பரே_குளிர்: நல்லது. ஓடி வரும்போது கடைசி அடி ரொம்ப நீளமாக விழுகிறதா?